குழாய் தட்டுகிற சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தறிச் சத்தம் பழகிப்போய்க் காதில் விழாது. ராத்திரி கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். நெஞ்சுக்குள் கேட்கும் சத்தமும் அப்படித்தான். முப்பது வருஷமாக அதைக் கேட்பதுதான் எனக்குப் பிழைப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் முகாம் போட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியதும் எனக்கே தலை சுற்றல். பழம் பறிக்கும் பாட்டி ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். நான் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேனா, "ஏஞ்சாமி, நீயே கேட்டுக்கிட்டிருந்தா எப்படி? எங்கிட்டயும் குடு" என்றார். அவர் காதிலேயே மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, சும்மா இருங்கள் என்று கை காட்டினார். அப்புறம் சொன்னார்: "உள்ள யாரோ கதவச் சாத்திச் சாத்தித் தெறக்குறாங்க சாமி."

கழற்றித் தந்தாரா? இல்லை. பக்கத்தில் இருந்த மருமகளுக்கு மாட்டினார், அவர் அடுத்தவருக்கு மாட்டினார். முகாம் முடிய இருட்டிவிட்டது, அதை விடுங்கள்.

பாட்டி சொன்னது முக்கால்வாசி சரி. இதயத்தில் நான்கு வால்வுகள். கீழறைகள் சுருங்கத் தொடங்கியதும், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள இரண்டும் மூடும். அதுதான் லப்: கொஞ்சம் நீளம், கொஞ்சம் மந்தம். ரத்தம் வெளியே பாய்ந்த பிறகு, அது திரும்பி வராதபடி பெரிய ரத்தக் குழாய்களின் வாயில் உள்ள இரண்டும் மூடும். அது டப், சுருக்கென்று முடிந்துவிடும். திறக்கும்போது நல்ல இதயத்தில் சத்தம் கேட்காது. ஆகவே சாத்தியது சரி. திறந்ததைப் பாட்டி தானாகச் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் கதவு என்று நினைத்தால் மரத்தில் மரம் மோதுகிற மாதிரி தோன்றும். நான் எல்லோரிடமும் சண்டை போடுவது இங்கேதான். வால்வு என்பது மெல்லிய ஜவ்வு. ஈரச் சேலையின் இரண்டு ஓரங்களைச் சேர்த்துத் தட்டினால் என்ன பெரிய சத்தம் வந்துவிடும்? மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வேகமாக வரும்போது குழாயைச் சட்டென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் 'டொக்' என்று தட்டும். மூடியது நீங்கள், தட்டியது, ஓடி வந்து திடீரென்று நின்ற தண்ணீர். நெஞ்சிலும் அதே கதைதான். வால்வு மூடுகிறது, ரத்தம் சட்டென்று தடைபடுகிறது, அந்த அதிர்ச்சியில் வால்வு, ரத்தம், இதயச் சுவர் எல்லாம் சேர்ந்து அதிர்கின்றன. அந்த அதிர்வைத்தான் கேட்கிறோம். திரும்பவும் சொல்கிறேன்: குழாய் தட்டுகிற சத்தம், கதவுச் சத்தம் அல்ல.

பெரியவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் நெஞ்சில் நேராகக் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். ஆனால் இரண்டாவது சத்தம் மேலறை சுருங்குவதால் வருகிறது என்று அவர் நினைத்தார். அது தப்பு. கருவியைக் கண்டுபிடித்தவருக்கே அந்தக் கதி!

லப்புக்கும் டப்புக்கும் நடுவே சுமார் 0.3 வினாடி, டப்பிலிருந்து அடுத்த லப்புக்கு சுமார் 0.5. நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் இந்தக் கணக்கு. படியேறினால் சுருங்குவது பெரும்பாலும் அந்த இரண்டாவது இடைவெளிதான்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தானாம். லப் டப்புக்கு நடுவே 'உஸ்' என்று வரும் இரைச்சலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சரி, சுருக்கமாக. குழந்தைக்கு அது இருக்கிறது என்றால் உடனே பயப்பட வேண்டாம், பல குழந்தைகளுக்கு அது தீங்கில்லாதது. ஆனாலும் மருத்துவர் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். தொண்டை வலிக்குப் பிறகு மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்தால் தள்ளிப் போடாதீர்கள், அது வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூச்சை இழுக்கும்போது டப் இரண்டாகப் பிரிவது... மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.