சும்மா கிடக்கிற இடம்

(தென்சென்னையில் ஒரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை இதற்காக ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், நன்றி.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பல வருடங்களுக்கு முன் இந்தப் பக்கம் வீடு பார்க்க வந்தபோது, கூட வந்த தரகர் கையை நீட்டிக் காட்டினார். "எவ்வளவு இடம் சும்மா கிடக்குது பாருங்க சார்!" அவரைக் குறை சொல்ல மாட்டேன். அரசாங்கக் கணக்கிலேயே அது வெகுகாலம் பயனற்ற நிலமாகத்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் அதைக் கழுவெளி, அதாவது தண்ணீர் பரந்து நிற்கிற வெளி என்றார்கள். எந்தப் பெயர் பதிவேட்டில் ஏறியதோ அதுதான் ஜெயித்தது.

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். அதன் மேல்தான் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. கழிவுநீர் நிலையம், ரயில் பாதை, ரேடியல் ரோடு, ஐ.டி. கட்டடங்கள் எல்லாம் வந்தன. ஆக்கிரமிப்பு என்றதும் நாம் குடிசையைத்தான் கைகாட்டுகிறோம். ஆனால் பெரிய கவளங்களை விழுங்கியவை முறையாக அனுமதி வாங்கிக் கட்டியவை. மிஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது.

சரி, சும்மா கிடக்கிற அந்த இடம் என்ன வேலை பார்க்கிறது? மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம் என்று ஏரிகளை எண்ணிக்கொண்டே போகலாம். மேல் ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இப்படிக் கிட்டத்தட்ட 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை கடைசியில் இங்கே வந்து சேருகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் கழிமுகம், அப்புறம் கடல். வழி முழுக்கத் தட்டையான நிலம். கடலில் நீர்மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீர் இறங்கவே இறங்காது. அது எங்கேயாவது காத்திருந்தாக வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பயணிகள் கூடத்தை இடித்துவிட்டு, ஜனங்கள் ஏன் ரோட்டில் நிற்கிறார்கள் என்று கேட்டால் எப்படி? 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் நாம் கேட்டது அந்தக் கேள்வியைத்தான்.

இப்போது கொஞ்சம் பறவை பார்க்கலாம். நீளவால் இலைக்கோழி என்று ஒன்று உண்டு. விரல்கள் அவ்வளவு நீளம். மிதக்கும் இலை மேல் மூழ்காமல் நடக்கும். பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாவின் வேலை. (முன்வரிசையில் பெண்கள் சிரிக்கிறார்கள்.) அதற்கு வேண்டியது மிதக்கும் இலை. நீலத் தாழைக்கோழிக்குச் சம்பும் கோரையும் வேண்டும். பூநாரைக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் கால் ஊன்றி நிற்கிற ஆழத்தில் தண்ணீர் வேண்டும். தண்ணீர் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால்தான் இத்தனைக்கும் இடம் இருக்கிறது.

இங்கேதான் நல்லவர்களோடு எனக்குச் சண்டை. சதுப்பைக் காப்பாற்றுகிறோம் என்று வேன் நிறைய மரக்கன்றோடு வருகிறார்கள். ஐயா, சதுப்பு நிலம் காடு அல்ல. சேற்றில் முளைக்கிற கோரையும் புல்லும்தான் அங்கே இயல்பாக வளர்பவை. மரம் நடத்தான் வேண்டும் என்றால் உங்கள் தெருவில் புங்கன் நடுங்கள், பூவரசு நடுங்கள். சதுப்பில் செய்ய வேண்டிய வேலை பிடுங்குகிற வேலை. கரையோரச் சீமைக் கருவேலத்தை எடுக்க வேண்டும். வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரையை எடுக்க வேண்டும். இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.

இன்னொரு கூட்டம், சுற்றிலும் உயரமாகக் கரை கட்டி, நடுவில் ஆழமாகத் தோண்டி, நடைபாதை போட்டு அழகுபடுத்தலாம் என்கிறது. கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சரிவில்லாத தொட்டியில் உள்ளான் எங்கே நிற்கும்?

கடைசியாக, பின்னால் ஒரு அம்மா கேட்ட கேள்வி: "கொசு வருதே, என்ன செய்றது?" நியாயமான கேள்விதான் அம்மா. மீனும் தவளையும் தும்பிகளும் உள்ள தண்ணீரில் கொசுப்புழு தப்பிப்பது கஷ்டம். டெங்கு கொசு மொட்டை மாடித் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் வளர்வது. வீட்டுப் பக்கம் வருகிற மற்றக் கொசு பெரும்பாலும் மூடாத சாக்கடையில். உங்கள் தெருச் சாக்கடை எந்த இடத்தில் சதுப்பில் விழுகிறது என்று யாராவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் கை தூக்கவில்லை. நானும் ரொம்ப நாள் பார்க்கவில்லை.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதைப் பார்க்கப் போகிறோம். வாய்க்கால் ஓரமாக நடந்து, சதுப்பு வரை. பழைய செருப்பு போட்டு வாருங்கள், சேறாகும். பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது.