ஏழு கன்னியர் மலைக்கு ஒரு நாணயம்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகத்தில் விழுந்த ஒரு விமானத்தின் நினைவாக ஒரு நாணயம் வேண்டும் என்று கேட்கப் போகிறேன். அதற்கு முன் ஒரு கதை.

விமானம் பிறந்த பெருமைக்கு இரண்டு மாநிலங்கள் உரிமை கொண்டாடிய கதை அமெரிக்க நாணயங்களில் இருக்கிறது. ரைட் சகோதரர்களான வில்பரும் ஓர்வில்லும் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். விமானத்தை அங்கே உருவாக்கி, வட கரோலினாவின் கடற்கரை மணல்வெளியில் பறந்தார்கள். மாநிலத்துக்கொரு கால் டாலர் நாணயம் வெளியானபோது, 2001இல் வட கரோலினா அந்த விமானத்தைப் பொறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஓஹையோவும் ஓர் ஆரம்பகால விமானத்தைப் பொறித்தது. கூடவே ஒரு விண்வெளி வீரரையும் நிறுத்தியது.

எனக்குப் பிடித்தது வட கரோலினா நாணயம்தான். கீழ் இறக்கையில் ஓர்வில் குப்புறப் படுத்திருக்கிறார்; பக்கத்தில் வில்பர் நிற்கிறார். 1903 டிசம்பர் 17 அன்று எடுத்த புகைப்படத்தின் காட்சி அது. 12 விநாடி, 120 அடி, அவ்வளவுதான் அந்தப் பயணம். கமராவை இயக்கியவர் ஜான் டேனியல்ஸ், கரையோர உயிர்காப்பு நிலைய ஊழியர். உதவிக்கு வந்த அந்த மனிதர் இல்லையென்றால் நாணயத்துக்குப் படமே இல்லை.

நம் மலையகத்துக்கும் விமான வரலாறு உண்டு. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கொழும்பு வழியாக ஜித்தாவுக்குப் புறப்பட்ட டி.சி.-8 விமானம், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கச் சற்று முன் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் டயர் ஒன்று அருகிலுள்ள நோர்ட்டன் பிரிட்ஜ் ஊரில் நினைவாக வைக்கப்பட்டிருக்கிறது.

சாதனைக்குத்தானே நாணயம், சாவுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விழுந்த விமானமும் இந்த மண்ணின் வரலாறுதான். அதிலும், டிசம்பர் பிறந்தால் சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு வழிகாட்டி அனுப்பும் மக்கள் நாம். புனித யாத்திரை புறப்பட்டு நம் மலையில் மடிந்தவர்களை நாம் நினைக்காவிட்டால் வேறு யார் நினைப்பார்கள்?

மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியே 10 ரூபா நாணயம் வெளியிட்டிருக்கிறது. ஆகவே பிரதேச நாணயம் நமக்குப் புதிதல்ல. ஏழு சிகரங்கள், அந்தத் தேதி, 191 என்ற எண்: இவை போதும். நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா பாடசாலைப் பிள்ளைகள், அந்த இரவு நினைவிருக்கும் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டு எழுதி, அந்த ஏடுகளையும் இணைத்து மத்திய வங்கிக்குக் கோரிக்கை அனுப்பட்டும். கேட்க வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. இந்தத் தவணையிலேயே தொடங்குங்கள்.

வணக்கம்.