நிர்வாகச் செலவு என்று எழுதப்படும் வேலை

அவைத் தலைவர் அவர்களே, அறங்காவலர்களே, அலுவலகத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தொண்டு நிறுவனம் எதனுடைய ஆண்டறிக்கையைப் புரட்டினாலும், சிறப்புப் பள்ளியைப் பற்றியும் இயன்முறை சிகிச்சையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். காலை பத்து மணிக்கு வந்து பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்படும் பகுதிநேர அலுவலக உதவியாளரோ, 'நிர்வாகச் செலவு' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிப்போவார். அந்த வரிக்குள் கிடக்கும் வேலையைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 ஆக விரித்தது. ஆட்டிசமும் ஹீமோபிலியாவும் அமிலவீச்சின் பாதிப்பும் அதில் இடம்பெற்றன. ஆனால் சட்டத்தில் இடம்பெற்றவருக்குச் சலுகை கிடைக்க வேண்டுமானால், மருத்துவச் சான்றும், யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் கைக்கு வந்தாக வேண்டும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் நிற்கும் முன்னெழுத்து குடும்ப அட்டையில் முன்னால் வரும். வங்கிப் புத்தகத்திலோ தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே இந்த முரணைக் கண்டுபிடித்து, எதை எங்கே திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர் நம் உதவியாளர்தான். அவர் கவனிக்காமல் விட்டால், சக்கர நாற்காலியில் வருபவர் மறுபடியும் ஆட்டோ பிடித்து அலைய நேரிடும்.

செவித்திறன் குறைந்த ஒருவர் தம்பியுடன் வருகிறார் என்று வையுங்கள். "அண்ணனுக்கு என்னப்பா வேணும்?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்பது நம்மில் பலருக்கும் பழக்கம், கேட்பவருக்கு அதில் தவறே தெரியாது. வந்தவரின் முகத்தைப் பார்த்து, தாளையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்திவைக்கும் உதவியாளர், எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்று மேடையில் நாம் பேசும் சமூக உள்ளடக்கத்தை அந்த மேசையிலேயே நடத்திக் காட்டிவிடுகிறார்.

இனி பணத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்துவிட்டது. பள்ளி ஆசிரியரின் சம்பளமும் மருத்துவமனை மருத்துவரின் சம்பளமும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. கணக்கு எழுதுவதும் அறிக்கை தயாரித்து அனுப்புவதும் வருகின்றன. பணம் வீணாகக் கூடாது என்ற அக்கறை நியாயமானதே. எனினும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது என்று நன்கொடையாளரிடம் முன்கூட்டியே சொல்லக்கூட ஆளில்லாத நிறுவனம், சேவையை மட்டும் எப்படி ஒழுங்காக நடத்தும்? உள்நாட்டு நன்கொடையாளர்கள் பலரும் இதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள் என்பது என் வருத்தம்.

ஆகவே அறங்காவலர்களிடம் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். விண்ணப்பம், சான்று, முறையீடு ஆகியவற்றுக்காக உதவியாளர் செலவிடும் நேரத்துக்குத் தனிப் பதிவேடு வைத்து, அதை ஆண்டறிக்கையில் சேவைப் பகுதியிலேயே அச்சிடுங்கள். அடுத்து இந்தப் பணியிடம் காலியாகும்போது, மாற்றுத்திறனாளி ஒருவரையே முதலில் தேடுங்கள். பத்திலிருந்து இரண்டு வரை என்பது நெரிசல் தணிந்த பேருந்தில் வந்து போகத் தோதான நேரம். கோப்பு அலமாரியைக் கை எட்டும் உயரத்துக்கு இறக்கிவைத்து, பார்வையற்றவர் என்றால் கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளை நிறுவிக் கொடுத்தால், அவர் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.