கிரீடமும் மைக்கும்

(அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மகளிர் நாள் விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, இந்தப் பந்தலையும் ஒலிபெருக்கியையும் தம் சொந்தச் செலவில் போட்டுக் கொடுத்துவிட்டு, மேடைக்கு எத்தனை முறை அழைத்தும் வராமல் கடைசி வரிசையில் நிற்கும் முன்னாள் மாணவி அவர்களே, வரவேற்புரையில் என் தகுதிக்கு மீறி என்னைப் பாராட்டிய தமிழாசிரியர் ஐயா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து என்னை மகிழவைத்த நூலகப் பொறுப்பாசிரியர் அவர்களே, இவர்கள் எல்லாருக்கும் மேலாக, இவ்வளவு நேரம் தரையில் அமர்ந்து பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் என் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'திரையில் பெண்கள்'. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அழகிப் போட்டியில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு வந்து, நடிகையான ஒருவருடைய பாதை முதலாவது. அந்தத் துறையில் பெண்களின் சம்பளமும் ஒப்பந்தமும் இரண்டாவது. தோல் நிறத்தை வைத்து விளம்பரங்கள் நம் பெண்களுக்குச் செய்யும் கேடு மூன்றாவது.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. இன்றைக்கும் சொல்கிறேன்.

ரம்யா சுப்பிரமணியனை உங்கள் அம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும். 2004இல் மிஸ் சென்னை போட்டியில் கலந்துகொண்டவர். அதற்குப் பிறகு விஜய் டிவியில் தொகுப்பாளராகி வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். 2015இல் மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் நடித்தார். 2019இல் 'கேம் ஓவர்', 2021இல் 'மாஸ்டர்'. அதே 2021இல் விசைத்தறித் தொழிலாளர்களின் துயரத்தைச் சொன்ன 'சங்கத்தலைவன்' படத்தில் சமுத்திரக்கனியோடு நடித்தார். தறி ஓடும் ஊர்க்காரர்கள் அந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அழகிப் போட்டி மேடையில் அவர் நின்றது கொஞ்ச காலம். மைக்கைப் பிடித்தது ஆண்டுக்கணக்கில். அந்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? தொகுப்பாளரின் காதுக்குள் ஒரு சின்னக் கருவி இருக்கும். 'அடுத்தவர் இன்னும் தயாராகவில்லை, இரண்டு நிமிடம் இழுங்கள்' என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே, எதிரில் இருப்பவர் பேசுவதையும் காதில் வாங்கிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த கேள்வியைச் சிரித்தபடி கேட்க வேண்டும். மேக்கப் அறையில் இதைப் பூசிவிட முடியாது. பேசிப் பேசித்தான் வரும்.

இந்த இடத்தில் 1994ஆம் ஆண்டுக் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மிஸ் இந்தியா போட்டி. டெல்லியிலிருந்து ஒரு பெண், வயது பதினெட்டு. அப்பா விமானப்படை அதிகாரி. மாதச் சம்பளக் குடும்பம். பெயர் சுஷ்மிதா சென். போட்டிக்கு விதவிதமாக உடை வேண்டும். பெரிய டிசைனரிடம் போகப் பணத்துக்கு எங்கே போவது? மகள் கலங்குகிறாள். அம்மா என்ன சொன்னாராம்? வருகிறவர்கள் உன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள், உன் துணியைப் பார்க்க அல்ல என்றாராம். நேரே சரோஜினி நகர் சந்தைக்குப் போய்த் துணி வாங்கினார்கள். குடியிருப்பின் கீழே கராஜில் உட்கார்ந்து பாவாடை தைத்துக்கொண்டிருந்த தையல்காரரிடம் கொடுத்தார்கள். டிவியில் வரப்போகிறது, பார்த்துத் தைத்துக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மிச்சத் துணியில் அம்மாவே ஒரு ரோஜாப் பூ செய்து கவுனில் வைத்தார். சரி, கைக்கு உறை வேண்டுமே! புதிதாக ஒரு ஜோடி கறுப்பு சாக்ஸ் வாங்கி, நுனியை வெட்டி, எலாஸ்டிக் வைத்துத் தைத்தார்கள். காலில் போடுகிற சாக்ஸ் கையில் ஏறி மேடைக்குப் போயிற்று!

எதிரில் நின்றவர் யார்? ஐஸ்வர்யா ராய்! இருவருக்கும் சம மதிப்பெண். முடிவு செய்ய இன்னொரு கேள்வி. இந்தியாவின் நெசவுப் பாரம்பரியத்தைப் பற்றிக் கேட்டார்கள். சாக்ஸை வெட்டிக் கையுறை போட்டுக்கொண்டு நின்ற பெண்ணிடம் துணியைப் பற்றிக் கேள்வி! மகாத்மா காந்தியின் கதரிலிருந்து தொடங்கித் தயங்காமல் பதில் சொன்னார். பட்டம் அவருக்கு. அதே ஆண்டு மே மாதம் மணிலாவில் மிஸ் யுனிவர்ஸ், இந்தியாவுக்கு முதல் முறையாக. அங்கேயும் கடைசிச் சுற்று கேள்வி-பதில்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

நம் த்ரிஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் மிஸ் சென்னை பட்டம் வென்றவர். 'விண்ணைத்தாண்டி வருவாயா'விலும் '96'இலும் அவருடைய முகத்துக்குக் குரல் கொடுத்தவர் சின்மயி. இரண்டு பேருமே பெரிய கலைஞர்கள், இருவரையும் வணங்குகிறேன். சினிமாவில் குரலைக் கடன் வாங்கலாம். நேரலையில் நிற்கும் தொகுப்பாளருக்கு யார் வந்து குரல் கொடுப்பார்கள்? கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிற பெண்ணுக்கு? வங்கியில் கல்விக் கடன் கேட்கப் போகிற பெண்ணுக்கு? சம்பளம், ஒப்பந்தம், தோல் நிறம் பற்றியெல்லாம் இன்னொரு மேடையில் சொல்கிறேன், இதுதான் முதலில்.

பெரியோர்களே, நான் ஊர் ஊராகப் போய்க் கேட்பது ஒன்றைத்தான். காலை வணக்கக் கூட்டத்தில் குறள் சொல்வது யார்? செய்தி வாசிப்பது யார்? எந்தப் பள்ளிக்குப் போனாலும் அதே நான்கு பெண்கள். நன்றாகப் பேசுகிறவளுக்கே மறுபடியும் மைக். பேசத் தெரியாதவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரை கைதட்டிவிட்டுப் போகிறாள். அரசு நடத்தும் கலைத் திருவிழா அருமையான முயற்சி, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது போட்டி. முன்வருகிற பிள்ளைக்குத்தான் இடம். பின்வரிசைப் பிள்ளைக்கு என்ன வழி?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோம். அந்த வாயைத் திறக்க நாம் எப்போது இடம் கொடுத்தோம்? பேசினால் 'வாயாடி' என்றோம். அடக்கமாக இரு என்றோம். பிறகு இன்டர்வியூவில் திணறுகிறாளே என்று கவலைப்படுகிறோம்.

மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். காலைக் கூட்டத்தில் மைக் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி போகட்டும், ஒருவரும் விடுபடாமல். வாரத்தில் ஒரு பாடவேளை பேச்சுக்கு. மதிப்பெண் வேண்டாம், பரிசு வேண்டாம், திக்கினாலும் யாரும் சிரிக்கக் கூடாது. தீர்மானத்தின் நகலை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், தலைமையாசிரியர் அம்மாவின் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். பெற்றோர்கள் கையெழுத்துப் போட அதன் கீழே இடம் விட்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.