கல்லூரிச் சுவருக்கு வெளியே: ஆக்ஸ்ஃபோர்டா, கேம்பிரிட்ஜா?

அவையில் கூடியிருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் என் வணக்கம்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் நினைவூட்டுவது ஒரு விதியை. இளநிலைப் படிப்புக்கு ஒரே ஆண்டில் இந்த இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. அக்டோபர் 15ஆம் தேதிக்குள் ஒன்றைத் தேர்ந்துகொண்டாக வேண்டும். மற்றப் பல்கலைக்கழகங்கள் என்றால் இரண்டு மூன்றில் இடம் கிடைத்த பிறகு, நேரில் போய்ப் பார்த்து, ஆற அமர யோசித்து முடிவெடுக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. முன்பெல்லாம் டிசம்பர் மாத நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் கல்லூரியிலேயே ஓரிரு இரவுகள் தங்குவார்கள். ஊரின் குளிரும் தெருக்களும் கொஞ்சமாவது பிடிபடும். இப்போது வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த நேர்முகம் இணையவழியில் முடிந்துவிடுகிறது. கண்ணால் காணாத ஓர் ஊருக்கு வாழ்வின் மூன்று நான்கு ஆண்டுகளை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஆகவேதான் இன்று பாடங்களைப் பற்றி அதிகம் பேசாமல், ஊர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பாடத்துக்கே முதலிடம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இயற்பியலையும் உயிரியலையும் முதலாண்டில் சேர்த்துப் படிக்க விரும்புகிறவருக்குக் கேம்பிரிட்ஜின் இயற்கை அறிவியல் படிப்பு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் விண்ணப்பிக்கும்போதே ஒரு துறையைச் சொல்லிவிட வேண்டும். மெய்யியல், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகப் படிக்க விரும்புகிறவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கே போவார். இப்படிப் பாடமே வழியைக் காட்டிவிட்டால் நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கணிதம், சட்டம், வரலாறு, மருத்துவம், ஆங்கில இலக்கியம் போன்றவற்றில் இரண்டையும் தராசில் வைத்தால் முள் அசையாது. ஓர் ஆசிரியருக்கு எதிரே ஓரிரு மாணவர்கள் அமர்ந்து வாரந்தோறும் வாதிடும் முறையும் இரண்டிலும் ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு. அந்த நிலையில்தான் ஊர் முன்னுக்கு வருகிறது.

இரண்டு பல்கலைக்கழகங்களும் மாணவர் எங்கே வசிக்க வேண்டும் என்று எல்லை வகுத்திருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் இளநிலை மாணவர், ஊர் நடுவே நான்கு தெருக்கள் கூடும் கார்ஃபேக்ஸ் சந்திப்பிலிருந்து ஆறு மைலுக்குள் குடியிருக்க வேண்டும். கேம்பிரிட்ஜ் மாணவருக்கு, சந்தைத் திடலை ஒட்டிய பெரிய புனித மேரி தேவாலயத்திலிருந்து மூன்று மைல். வரைபடத்தை எடுத்து இந்த இரண்டு வட்டங்களையும் வரைந்து பாருங்கள். ஒன்றில் கார்த் தொழிற்சாலை, மருத்துவமனைகள், ஆறுகள், குன்றுகள், புறநகர்க் குடியிருப்புகள் எல்லாம் அடங்கும். மற்றொன்றில் தட்டையான ஒரு சிறு நகரம் அடங்கி, விளிம்பில் வயல்கள் தெரியத் தொடங்கிவிடும். மக்கள்தொகையில் பெரிய வேறுபாடில்லை. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஆக்ஸ்ஃபோர்டில் ஏறத்தாழ 1,62,000 பேர், கேம்பிரிட்ஜில் ஏறத்தாழ 1,46,000 பேர். வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை, ஊரின் பிழைப்பில் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பல்கலைக்கழகத்தைத் தவிர இன்னொரு பிழைப்பு உண்டு. ஹை ஸ்ட்ரீட் என்னும் பெருந்தெருவில் கிழக்கு நோக்கி நடந்து, மாடலன் பாலத்தில் செர்வெல் ஆற்றைத் தாண்டினால் சாலை மூன்றாகப் பிரிகிறது. அவற்றில் கௌலி சாலையைப் பிடித்து நடந்தால், கல்லூரிக் கோபுரங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பல நாட்டு மக்கள் நடத்தும் மளிகைக் கடைகளும் உணவகங்களும் முடிதிருத்தகங்களும் தொடங்கிவிடும். அந்தத் திசையில் மேலும் போனால், இந்த ஊரில் சைக்கிள் பழுதுபார்த்துத் தொழிலைத் தொடங்கிய வில்லியம் மோரிஸ் 1913இல் கார் செய்யத் தொடங்கிய இடம் வரும். இன்றும் அந்தப் பகுதியில் மினி கார்கள் உருவாகின்றன. அவர் ஈட்டிய செல்வத்தில்தான் நஃபீல்டு கல்லூரி எழுந்தது. ஆலையும் கல்லூரியும் ஒரே ஊரில் ஒருவரையொருவர் பார்த்தபடி வாழ்வதன் பொருள், உங்கள் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் பணிநேரம் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியாக இருக்கலாம் என்பதுதான்.

அந்த வாழ்வு எப்போதும் இனிதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1355ஆம் ஆண்டு பிப்ரவரியில், கார்ஃபேக்ஸ் அருகே ஒரு மதுக்கடையில் திராட்சை மதுவின் தரம் பற்றி மாணவர்கள் தொடங்கிய சச்சரவு கலவரமாகிப் பல உயிர்களைக் குடித்தது. அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். ஊர்த் தலைவரும் ஊர்ப் பெரியோரும் ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு வந்து, இறந்த அறிஞர் ஒருவருக்கு ஒரு பென்னி வீதம் காணிக்கை செலுத்தும் தண்டனை 1825 வரை நீடித்தது. கேம்பிரிட்ஜ் பிறந்ததே இத்தகைய பகையில்தான்: 1209இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண் கொலையுண்டதற்குப் பழியாக ஊரார் மாணவர் சிலரைத் தூக்கிலிட, அஞ்சி வெளியேறிய அறிஞர்களில் ஒரு பகுதியினர் கேம்பிரிட்ஜில் போய்த் தங்கினார்கள். 'டவுன்', 'கவுன்' என்று ஊரையும் அங்கி அணிந்தோரையும் பிரித்துச் சொல்லும் வழக்கம் இன்றும் இரண்டு இடங்களிலும் இருக்கிறது. விண்ணப்பிக்கும் மாணவர் தாம் எந்தத் தரப்பின் அங்கியை அணியப் போகிறோம் என்பதை அறிந்திருப்பது நல்லது.

கேம்பிரிட்ஜுக்கு வருவோம். தொடர்வண்டியில் வந்து இறங்கும் மாணவர் முதலில் வியப்பது, நிலையம் ஏன் ஊரை விட்டு இத்தனை தொலைவில் இருக்கிறது என்பதைப் பற்றித்தான். நடுவூருக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். 1845இல் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நிறைவேறிய சட்டத்தில், அனுமதியின்றி மாணவரை ஏற்றிச் சென்றால் ரயில் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகம் கேட்டு வாங்கியிருந்தது. லண்டன் தம் மாணவர்களைக் கெடுத்துவிடும் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். ஊரின் மீது பல்கலைக்கழகத்தின் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்தப் பிடியின் நற்பயனும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆற்றங்கரையை ஒட்டிக் கல்லூரிகளின் பின்புறம் விரியும் பசும்புல்வெளியில், கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துக்கு எதிரே மாடுகள் மேய்வதை நான் நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறேன். ஊர் தட்டையானது, நாட்டிலேயே சைக்கிள் மிகுதியாக ஓடும் ஊர் அதுதான். விரிவுரை, நூலகம், நண்பர் அறை, சந்தை எல்லாமே பத்து நிமிட மிதிப்பில் முடிந்துவிடும். ஊருக்கென்றே வாழும் மில் சாலை இருக்கிறது என்றாலும், அதை மாணவர் தேடித்தான் போக வேண்டும். கௌலி சாலையைப் போல அது எதிரே வந்து நிற்பதில்லை. இந்த ஊரின் புதிய பிழைப்பும் பல்கலைக்கழகத்தின் வயிற்றிலேயே பிறந்தது. 1970இல் டிரினிட்டி கல்லூரி தன் நிலத்தில் அறிவியல் பூங்கா அமைத்தது. கைப்பேசிச் சில்லுகளை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் இந்த ஊரைச் சேர்ந்ததே. ஊரில் எங்கே திரும்பினாலும் ஆய்வைப் பற்றிய பேச்சு காதில் விழும். அது சிலருக்கு அமுதம். பருவத்தின் ஆறாவது வாரத்தில் கட்டுரை எழுத வரவில்லையே என்று தவிக்கும் வேறு சிலருக்கு அதுவே மூச்சுமுட்டல்.

இந்தத் தவிப்பை எளிதாக எண்ண வேண்டாம். இரண்டு இடங்களிலும் ஒரு பருவம் எட்டு வாரம், ஆண்டுக்கு மூன்று பருவம், ஆக இருபத்து நான்கு வாரங்களுக்குள் ஓராண்டுப் பாடத்தை அடைத்து வைக்கிறார்கள். அந்த நெருக்கடியில் மனம் எங்கே போய் ஆறும் என்பதே ஊரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் கருதுகிறேன். பல்கலைக்கழகத்தைச் சற்றே மறந்தால்தான் மீண்டும் படிக்க முடியும் என்னும் இயல்புடையவருக்கு நான் தயங்காமல் ஆக்ஸ்ஃபோர்டைச் சொல்வேன். பாலம் ஒன்றைத் தாண்டினாலே அவருக்கு வேறோர் ஊர் கிடைத்துவிடும். கூட்டமும் போக்குவரத்தும் மனத்தைச் சிதறடிக்கும், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அமைதி என்பவருக்குக் கேம்பிரிட்ஜ். முதன்முறையாக வீட்டை விட்டுப் போகும் கூச்ச இயல்புள்ள பிள்ளைகளுக்கும், சிறிய வட்டம் விரைவில் பழகிவிடும் என்பதால், கேம்பிரிட்ஜையே சொல்வேன்.

லண்டனுக்கு எது அருகில் என்று கேட்பவர்கள் உண்டு. தொடர்வண்டியில் கேம்பிரிட்ஜிலிருந்து ஏறத்தாழ ஐம்பது நிமிடம், ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வாடகை இரண்டிலும் மிக அதிகம். ஆகவே ஊரை விடவும் முக்கியமாகக் கேட்க வேண்டியது, நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரி எத்தனை ஆண்டுகளுக்குத் தங்க அறை தருகிறது, விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்கிறதா என்பவற்றையே. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் திரும்பப் பணமில்லாத மாணவருக்கு, கோபுரங்களின் அழகை விட இந்த விடைகளே பெரிது.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். இணைய வரைபடத்தில் தெருக்காட்சியைத் திறந்து, கல்லூரி வாசலிலிருந்து தொடர்வண்டி நிலையம் வரை, பிறகு மருத்துவமனை வரை, பிறகு மலிவாகச் சாமான் கிடைக்கும் கடைத்தெரு வரை ஒவ்வொரு திருப்பமாக நடந்து பாருங்கள். பெற்றோரும் உடன் அமருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் பெருமணி இன்றும் ஒவ்வோர் இரவும் 9.05க்கு 101 முறை ஒலிக்கிறது. கிரீன்விச் நேரத்துக்கு ஐந்து நிமிடம் பின்தங்கிய ஆக்ஸ்ஃபோர்டின் பழைய நேரப்படி அது ஒன்பது மணி. மாணவர்களை உள்ளே அழைத்து வாயிலைப் பூட்டுவதற்காக ஒலித்த மணி அது. இப்போது அந்த மணிக்கு யாரும் ஓடி வருவதில்லை. அந்த நேரத்தில் உங்கள் மகளோ மகனோ வாயிலுக்கு வெளியே, எந்தத் தெருவில், யாரோடு நடந்துகொண்டிருக்க விரும்புவார் என்று அவரையே கேளுங்கள். விண்ணப்பத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்பதை அந்த விடையிலிருந்து தொடங்குங்கள்.