சம்பா வயலில் தூவிய உளுந்து

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

புவி வெப்பமடைவதைக் குறைக்க நாம் எதை விளைவிக்கலாம், எதை உண்ணலாம் என்று பேச அழைத்திருக்கிறார்கள். இப்பேச்சு எழும்போதெல்லாம் இறைச்சியைக் குறைப்பது பற்றியே பலரும் சொல்வார்கள். நான் சோற்றைப் பற்றிச் சொல்கிறேன். நீர் நிற்கும் நெல் வயலில் மண்ணுக்குக் காற்று கிடைப்பதில்லை. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்க, நெற்பயிரின் தண்டே புகைபோக்கியாகி அதை வெளியே விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. இடும் யூரியாவில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாகிறது; அதன் வலிமையோ 273 மடங்கு. நெல்லைக் கைவிடச் சொல்லவில்லை. நெல்லுக்குத் துணையாக இருந்த பயிரைக் கைவிட்டதைத்தான் சொல்ல வந்தேன்.

காவிரிப் படுகையில் என் தந்தையார் சம்பா அறுவடைக்கு ஏழெட்டு நாள் முன்னதாகவே, கதிர் சாய்ந்து நிற்கும் வயலுக்குள் இறங்கி, ஏக்கருக்குப் பத்துக் கிலோ உளுந்தைக் கையால் தூவுவார். உழவு கிடையாது, தனிப் பாசனம் கிடையாது. மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குதிகால் பதிந்த தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது, மண் வெடித்திருக்கவும் கூடாது. அதற்காகவே நாள்தோறும் வயலில் நடந்து பார்த்துவிட்டு வருவார். அறுவடை ஆட்கள் அரிவாளோடு இறங்கும்போது உளுந்து முளைவிட்டிருக்கும். மிதித்து அழித்துவிடுவார்களே என்று சிறுவனாகிய நான் பதறுவேன்; அவரோ சிரிப்பார். எஞ்சிய ஈரத்தையும் தைமாசிப் பனியையும் குடித்தே அந்தப் பயிர் எழுபது நாளில் காய்த்துவிடும்.

ஒருநாள் ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் கடுகுபோல் ஒட்டியிருந்த முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. "மண்ணுக்கு இங்கேதான் சோறு சமைக்கிறார்கள்" என்றார். நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒன்றுதான் அந்த நிறம் என்பதும், அங்கு குடியிருக்கும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குகிறது என்பதும் வேளாண்மை படிக்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. யூரியா ஆலை இயற்கை எரிவாயுவைக் கொண்டு, மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் செய்யும் வேலையை அந்தக் கடுகளவு முடிச்சு ஓசையின்றிச் செய்கிறது. முடிச்சு சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். நேயர்களில் பயறு விதைத்தவர்கள் கீறிப் பாருங்கள்.

பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. ஆள் கிடைக்காத ஊரில் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆளின் பாதத்துக்குத் தப்பிய முளை இயந்திரத்தின் சங்கிலிப் பட்டைக்குத் தப்புவதில்லை; அது கொட்டிச் செல்லும் வைக்கோலும் முளையை மூடிவிடுகிறது. ஆகவே பல வயல்கள் தரிசாகின்றன. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் கோடையிலும் நெல்லே நடுகிறார்கள்; மீண்டும் நின்ற நீர், மீண்டும் மீத்தேன். உலகிலேயே மிகுதியாகப் பருப்பு விளைவிக்கும் இந்தியா, உளுந்தை மியான்மரிலிருந்து வாங்குகிறது. பிப்ரவரி 10-ஐ உலகப் பருப்பு நாளாக 2019 முதல் கொண்டாடுகிறார்கள். அந்த நாளில் எங்கள் வயல்கள் பச்சையாக இருந்த காலம் ஒன்று உண்டு.

அரிசி நான்கு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு என்று இட்லிக்கு ஊறவைக்கும் நம் அடுக்களை இந்தத் துணையை மறக்கவில்லை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் நிறைய உண்டு. தட்டில் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, சுண்டலோ பயற்றங்கஞ்சியோ தோலுளுந்துக் களியோ சேர்த்தால் வயலிலும் அதற்கு இடம் கிடைக்கும். வாங்குவோர் இருந்தால்தானே விதைப்பார்கள்?

மீத்தேனைக் குறைக்க நெல் வயலில் நீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டும் முறையை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மீண்டும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடாதீர்கள். வணக்கம்.