தக்களியில இருந்து சுரங்கத்துக்கு வந்த சொல்

வணக்கம் மக்களே! இந்த ஜீப்போட முன் பம்பரைப் பாருங்க. ஒரு உருளை, அதுல சுத்தின இரும்புக் கயிறு, நுனியில கொக்கி. வண்டி சேத்துல மாட்டினா இழுத்து வெளிய எடுக்குற வின்ச். மெக்சிகோவுல இதுக்குப் பேரு மலக்காத்தே. ஸ்பானிஷ் அகராதியிலயே இருக்கு, ஆனா ஸ்பெயின்ல பொறந்த சொல் இல்ல.

இப்ப என் உள்ளங்கையைப் பாருங்க. சுட்ட களிமண்ணுல ஒரு குட்டி வில்லை, நடுவுல ஓட்டை, மேல பூ கீறியிருக்கு. சந்தையில வாங்கின நகல்தான். ஓட்டையில குச்சியைச் சொருகினா நம்ம தக்களி! மெக்சிகோவோட பழங்குடிகளான ஆஸ்டெக் மக்கள் பேசின நாவாட்ல் மொழியில தக்களிக்குப் பேரு மலாக்கத்ல். மலினான்னா முறுக்குறது, ஆக்கத்ல்னா நாணல். பருத்தி நூற்கச் சின்ன வில்லை, கத்தாழை நாருக்குப் பெருசு. ஆஸ்டெக் வாழ்க்கையைப் படமா வரைஞ்ச 16ஆம் நூற்றாண்டு மெண்டோசா சுவடியில, அம்மா தன் பொண்ணுக்கு நூற்கக் கத்துக்கொடுக்குற படமே இருக்கு. எனக்கு அந்தப் படம் அவ்வளவு பிடிக்கும்.

சரி, இது எப்படிச் சுரங்கத்துக்குப் போச்சு? 1546-ல மெக்சிகோவுல சாக்காத்தேக்காஸ்ங்குற இடத்துல வெள்ளி கிடைச்சுது. போகப் போகக் குழி ஆழமாச்சு. தாதுவையும் ஊத்துத் தண்ணியையும் மேல கொண்டு வரணும். நட்டுக்குத்தா ஒரு அச்சு, அதுல பெரிய பீப்பா மாதிரி உருளை, கீழ நுகத்தடியில குதிரையோ கோவேறு கழுதையோ பூட்டி வட்டமா ஓட்டுவாங்க. நம்ம கவலை ஏத்தத்துல மாடு முன்னும் பின்னும் போகும்ல? இங்க செக்கு மாதிரி சுத்தி வரும். கயிறு உருளையில சுத்தச் சுத்த, தோல் பையில தண்ணி மேல வரும். ஜெர்மன் அறிஞர் ஹும்போல்ட் 1803-ல மெக்சிகோவோட குவானஹுவாத்தோவுல வலென்சியானா வெள்ளிச் சுரங்கத்தைப் பார்த்துட்டு, இந்தத் தோல் பையை நம்பியிருக்காங்களேன்னு குறைபட்டு எழுதியிருக்கார்.

அச்சு நிக்குது, சுத்துது, கயிறு மேல ஏறுது. தக்களியை தினம் பார்த்து வளர்ந்தவங்க அதை வேற என்னன்னு கூப்பிடுவாங்க, சொல்லுங்க? வெள்ளியை அள்ளிட்டுப் போன ஸ்பானிஷ்காரங்க வாயிலயும் அதே சொல் ஒட்டிக்கிச்சு. அது ஒரு பொம்பளையோட கைவேலையில இருந்து வந்த சொல்லுங்குறதை நினைச்சா எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகுது.

இன்னைக்கும் மெக்சிகோ தொல்லியல்காரங்க மண்ணுல இருந்து எடுக்குற இந்த வில்லையையும் மலக்காத்தேன்னுதான் எழுதி வைக்கிறாங்க. இருங்க, குச்சியைச் சொருகி இந்தச் சின்னக் கிண்ணத்துல நிறுத்திக்கிறேன்... கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். பஞ்சு எப்படித் திரியுதுன்னு பாருங்க.